அட்டை கிழிந்த பொது நிதியியல்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு முதல் வாரம் அட்டை கிழிக்கும் வேலையைத்தான் கொடுப்பார்கள். வருத்தப்படாதீர்கள். கல்லூரிப் பாடப் புத்தகத் தொழிலில் எல்லாரும் அங்கேதான் தொடங்குகிறோம். பாடத்திட்டம் மாறியதும் விற்காமல் நின்றுபோன பழைய பதிப்பைக் காகித ஆலைக்கு அனுப்புவோம். அனுப்பும் முன் அட்டையைக் கிழித்துவிடுவோம். அட்டையோடு போனால் அது நடைபாதைக் கடைக்கு வந்து உட்கார்ந்துகொண்டு நம் புதுப் பதிப்பின் பிழைப்பைக் கெடுக்கும். அட்டை இல்லாத புத்தகம் லாரியில் ஆலைக்குப் போகலாம். எந்த ஆள் கையிலும் அது கிடங்கு வாசலைத் தாண்டக் கூடாது. இதைவிடக் கறாரான விதி நம் தொழிலில் கிடையாது. எனக்கு முன்னால் சேரப்பணஞ்சேரிக் கிடங்கைப் பார்த்துக்கொண்டவர், தெரிந்த கடைக்காரர் ஒருவருக்கு ஒரு கட்டு கொடுத்தார். அன்று மாலையே வீட்டுக்குப் போனார், மறுநாள் வரவில்லை.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் வரதன். பத்தாவது வரை படித்தவன், அந்தப் பத்தாவதையே இரண்டு தடவை படித்தவன். நாமம் போட்டுக்கொண்டு வருவதால் லோடு ஏற்றுகிறவர்கள் என்னைச் சாமி என்பார்கள். சனிக்கிழமை தவறாமல் மணிமங்கலம் பெருமாளைப் பார்த்துவிட்டுத்தான் கிடங்கைத் திறப்பேன். புதுப் பதிப்பு வந்தால் முதல் பிரதியை அவர் காலடியில் வைப்பேன். ஒரு தடவை அர்ச்சகர், "இது என்ன புஸ்தகம்?" என்று கேட்டார். வரியைப் பற்றியது என்றேன். "அப்போ உண்டியல் பக்கத்துல வையும்" என்றார்.

இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் ஊர் ஊராக மாதிரிப் புத்தகங்களைச் சுமந்துகொண்டு நம் விற்பனைக்காரப் பெரியவர் ஒருவரின் பின்னால் போனேன். பெயர் வேண்டாம், அவருக்கே பிடிக்காது. எந்தக் கல்லூரிக்குப் போனாலும் முதல்வரைப் பார்க்கமாட்டார், பேராசிரியரைப் பார்க்கமாட்டார். நேராக அறிவிப்புப் பலகைக்குப் போய்ப் பரீட்சை முடிவைப் படிப்பார். "இதுல எத்தினி பேர் புட்டுகினாங்கன்னு பாரு வரதா. பாஸானவன் புக்க எடைக்குப் போட்டுட்டுப் போயிடுவான். பெயிலானவன்தான் நமக்குச் சொந்தக்காரன்" என்பார். வியாபாரத்துக்காகச் சொன்னதுதான். இருந்தாலும் பல வருடம் கழித்து, காகித லாரி வாசலில் நின்ற ஒரு மத்தியானத்தில் அது என் காதில் வந்து விழுந்தது.

அப்போது அரசாங்கம் பழைய வரிகளை எல்லாம் ஒன்றாகக் கலக்கி, சரக்கு சேவை வரி என்று கொண்டுவந்து சில காலம் ஆகியிருந்தது. நம் 'பொது நிதியியல்' புத்தகத்தில் பாதி அப்படியே செத்துப்போயிற்று. அதை எழுதிய பேராசிரியர் மூச்சு வாங்கிக்கொண்டே புதுப் பதிப்பு எழுதிக்கொடுத்தார். முதலாளி அதன் அட்டையில் ராக்கெட் படம் போட்டார். வரிக்கும் ராக்கெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். "ரெண்டும் மேல போவுதுல்ல" என்றார். பழைய பதிப்புகளைக் கிடங்கின் ஒரு மூலை விடாமல் வாரி, அட்டையைக் கிழித்து, லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தோம்.

அந்த நேரத்தில்தான் கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையோடு ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். முதல் ஷிஃப்ட் முடித்து வந்திருக்கிறாள், சட்டையில் எண்ணெய்க் கறை காயவில்லை.

"அண்ணாச்சி, ஒரு புஸ்தகம் வேணும். பொது நிதியியல்."

"கடையில கெடைக்குமேம்மா."

"கடையில இருக்கது ராக்கெட்டு போட்டது. அத முழுசாப் படிச்சு முடிச்சுட்டேன். முந்தாநாளுதான் ஹால் டிக்கெட்டு வந்துச்சு. எனக்குப் பரீட்சை பழைய பாடத்துல வைக்காவ. நான் படிச்சது பூரா வேற யாருக்கோ உள்ள பரீட்சைக்கு."

பெயர் இசக்கியம்மாள், ஊர் திருநெல்வேலிப் பக்கம். இருங்காட்டுக்கோட்டையில் நாலைந்து பெண்களோடு அறை எடுத்துத் தங்கி, கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் ட்ரெய்னியாக இருந்தாள். அஞ்சல் வழியில் பி.ஏ. பொருளாதாரம். எல்லாம் பாஸ், இந்த ஒன்று மட்டும் அரியர். பழைய பாடத்திட்டத்தில் எழுத அவளுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. அடுத்த முறை அந்தக் கேள்வித்தாளே இருக்காது. ஸ்டோர்ஸ் ஆபீசில் ஓர் இடம் காலியாக இருந்தது. டிகிரி இருந்தால் நிரந்தரம். முடிவு வரும் வரைக்கும் பொறுத்துப் பார்க்கிறேன் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். இல்லை என்றால் ட்ரெய்னி காலம் முடிந்ததும் ஊருக்குப் பஸ் ஏற வேண்டியதுதான்.

"ஊர்ல என்னம்மா இருக்குது?" என்றேன்.

"மாமா மவன் இருக்கான். எட்டாவது பெயிலு. கல்யாணத்துக்கு மட்டும் ரெடியா இருக்கான்."

செல்போனில் பிடிஎஃப் ஏதும் இல்லையா என்று கேட்டேன். காட்டினாள். யாரோ பஸ்ஸில் நின்றுகொண்டே எடுத்த படங்கள், அதிலும் ஒன்றுவிட்டு ஒரு பக்கம். ஒவ்வொரு வரியும் தொடங்கும், எதுவும் முடியாது. முதல் தடவை அவள் படித்தது இரவல் புத்தகம். கூடப் படித்தவர்கள் பாஸான கையோடு புத்தகத்தை எடைக்குப் போட்டிருந்தார்கள். புதுப் பதிப்பின் கடைசிப் பக்கத்தில் கிடங்கு முகவரியைப் பார்த்துவிட்டு, ஷேர் ஆட்டோ மாறி மாறி வந்திருக்கிறாள். பரீட்சை அடுத்த வாரம்.

லாரியில் ஏறினேன். அட்டை இல்லாத புத்தகங்களில் எதை எது என்று கண்டுபிடிப்பது? எனக்கு வரிகள் புரியாது. ஆனால் எந்த வரி எந்தப் பதிப்பில் இருந்தது என்பது சுமந்து சுமந்து தெரியும்.

"சாமி, இன்னா தேடிகினு கீற?" என்றார் லோடு ஏற்றும் முனுசாமி. அவர் என் வயதுக்காரர், வாய் மட்டும் இளமையானது. "லாரி நிக்கிற வாடகைய உங்க பெருமாளா குடுப்பாரு?"

"ஒரு புக்கு முனுசாமி."

"அல்லாமே புக்குதான். கண்ண மூடிகினு ஒண்ண எட்துக் குடு. படிக்கவா போறாங்க."

"படிச்சுத்தான் வந்திருக்கேன்" என்றாள் இசக்கி கீழே இருந்து.

முதலில் கையில் வந்தது தடியான ஆங்கிலப் புத்தகம். ஒரு காலத்தில் இந்தப் பாடத்தை ஆங்கிலத்தில்தான் நடத்தினார்கள். வாங்கியவர்கள் ஆசிரியர்கள், முழுதாக முடித்தவை கரையான்கள். அதற்கடுத்து வந்தது நம் பேராசிரியரின் முதல் தமிழ்ப் பதிப்பு. மாணவர்கள் தமிழில் பரீட்சை எழுத ஆரம்பித்த பிறகு, புத்தகம் இல்லாமல் வகுப்புக் குறிப்பை வைத்தே ஒப்பேற்றிக்கொண்டிருந்த காலத்தில் அவர் எழுதியது. முன்னுரைக்கு மட்டும் ஒரு மரத்தை வெட்டியிருப்பார்கள். இறந்தவர் சொத்துக்குப் போடும் வரி என்று அதில் ஓர் அத்தியாயம் உண்டு. அரசாங்கம் அந்த வரியை எடுத்துவிட்ட பிறகும் நம் புத்தகத்தில் அது பல பதிப்புகளுக்கு உயிரோடு இருந்தது. ஒரு தடவை பேராசிரியரிடம் கேட்டேவிட்டேன். "இருக்கட்டும் வரதன், திரும்ப வந்தாலும் வரும்" என்றார். மறுபிறவியில் எனக்கு நம்பிக்கை உண்டு. வரிக்கும் அது உண்டு என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அதற்கும் கீழே கேள்வி பதில் காலத்துப் புத்தகம், உடம்பு இளைத்துப்போய்க் கிடந்தது. பாடத்தைத் தூக்கிவிட்டு, வந்த கேள்வியையும் வரப்போகிற கேள்வியையும் மட்டும் போட்ட பதிப்பு. நம் கம்பெனியின் வரலாற்றில் அதிகம் விற்றது அதுதான், அதிகம் திட்டு வாங்கியதும் அதுதான். பிறகு விற்பனை வரிப் பதிப்பு. பாடம் போட்ட தமிழ்ப் பதிப்புகள் அத்தனையிலும் ஓர் அத்தியாயம் மட்டும் ஒரு எழுத்துகூட மாறவில்லை. வரி விதிப்பின் நான்கு நியதிகள். வரிகள் வந்தன, போயின. நியதிகளை யாரும் தொடவில்லை, அரசாங்கம் உட்பட.

கடைசியில் கிடைத்தது. கலால் வரி, சேவை வரி, மதிப்புக் கூட்டு வரி மூன்றும் ஒன்றாகக் குடியிருக்கும் பதிப்பு. இசக்கியின் பாடம் அதுதான். அவள் இரண்டு கையையும் நீட்டினாள்.

என் செல்போன் அடித்தது.

முதலாளி சென்னையில் இருப்பவர். வாசலுக்கும் லாரி நிற்கிற இடத்துக்கும் மேலே கேமரா பொருத்தி, அதைத் தன் போனிலேயே பார்ப்பார். அவருக்கு இரண்டு தெய்வம். ஒன்று திருப்பதியில், மற்றொன்று சட்டைப் பையில்.

"யோவ் வரதா. லாரில ஏத்தச் சொன்னா ஏன்யா இறக்கற?"

"ஒரு பொண்ணுக்குப் பழைய பொது நிதியியல் வேணுமாம் முதலாளி. பழைய பாடத்துல அரியர்."

"பழசு செத்துப்போச்சு. புதுசக் குடு. ராக்கெட் போட்டிருக்கு."

"புக்குதான் முதலாளி செத்துது. பெயிலானவங்க இன்னும் உசுரோடதான கீறாங்க."

"அதெல்லாம் சரி. அட்டை இல்லாத புக்கு வாசலத் தாண்டக் கூடாது. உனக்கு முன்னாடி இருந்தவன் இப்படித்தான் ஒரு கட்டுன்னு ஆரம்பிச்சான். ஒண்ணு போனாலும் நீயும் கூடவே போயிடு" என்றார். போனை வைக்கவில்லை. கேமராவில் பார்த்துக்கொண்டே இருந்தார்.

நான் ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்தன. முனுசாமி தார்ப்பாய்க் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். இசக்கி நீட்டிய கையை மடக்கவில்லை. இந்த மாதிரி நேரத்தில் எனக்குப் பெருமாளைத் தவிர வேறு யாரையும் கூப்பிடத் தெரியாது. கூப்பிட்டேன். மணிமங்கலம் போனவர்களுக்குத் தெரியும், அந்தப் பெருமாள் சங்கையும் சக்கரத்தையும் கை மாற்றிப் பிடித்திருப்பார். கண்ணை மூடியதும் அந்தக் கைகள்தான் வந்தன. அவரே மாற்றிப் பிடித்துக்கொண்டு சௌக்கியமாகத்தானே நிற்கிறார் என்று தோன்றியது.

"முதலாளி, புக்கு வெளிய போவக் கூடாது. சரி. பொண்ணு உள்ள வரலாமா?"

"இன்னா?"

"டெய்லி ஷிஃப்ட் முடிச்சிட்டு வரட்டும். கேமராவுக்கு நேரா ஒக்காந்து படிக்கட்டும். புக்கு இங்கயே இருக்கும். நீங்களே பாத்துக்கலாம்."

தடுக்க அவருக்கு விதி எதுவும் அகப்படவில்லை போலும். "கேமராவுக்கு நேரா" என்றார், வைத்துவிட்டார். அந்தப் பதிப்புக் கட்டு ஒன்றை மட்டும் இறக்கினேன். லாரி போயிற்று.

அன்றிலிருந்து இசக்கி வந்தாள். புத்தகக் கட்டுகளையே நாற்காலியாக அடுக்கிக் கொடுத்தோம். பாக்கிங் பெண்கள் தங்கள் டீயில் பங்கு கொடுத்தார்கள். சத்தமாகப் படிக்கிற பழக்கம் அவளுக்கு. கலால் வரி என்பது பொருள் தொழிற்சாலை வாசலைத் தாண்டும்போது விழுவது என்று படித்துவிட்டு, "ஏன் அண்ணாச்சி, இத முதல்லயே வாசல்னு சொல்லியிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்குமே. எங்க கம்பெனி கேட்டுல நாளு பூரா லாரி தாண்டுறதப் பாக்கேன்" என்றாள். புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. அதற்கு முன்னால் மூன்று பக்கத்துக்கு வரையறை இருந்தது, அவ்வளவுதான்.

முனுசாமி போகிற போக்கில், "இன்னா டீச்சர், எந்த வரி கட்டாம நான் தப்பிக்கலாம்?" என்பார்.

"ஒமக்கு நுழைவு வரி போடணும் பெரியவரே. நாள்பூரா உள்ள வாரீய, ஒரு வேலையும் காணும்."

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ முதலாளி போன் செய்தார். லோடு பற்றி ஏதோ கேட்டார், அது ஒரு சாக்கு. கடைசியில், "அந்தப் பொண்ணு ஏன்யா ஒரே பக்கத்துலயே இருக்கு? அங்க இன்னா கஷ்டம்?" என்றார். கேமராவில் பக்கம் புரட்டுவதைக்கூடப் பார்த்திருக்கிறார். வரிப்பளு கடைசியில் யார் தலையில் விழுகிறது என்ற பகுதி அது என்றேன். "அது எனக்கே புரியாது. நான்தான் கட்டிகினு இருக்கேன். வுட்டுட்டு அடுத்ததுக்குப் போவச் சொல்லு" என்றார். அடுத்த நாள் அவளுக்குத் தலைக்கு மேலே ஒரு மின்விசிறி வந்தது. கிடங்கு ஆட்கள் பல கோடைகளாகக் கேட்டும் வராத மின்விசிறி.

பரீட்சைக்கு முந்தின நாள் அவள் வரவில்லை. போன் எடுக்கவில்லை. கம்பெனியில் லைனில் நிற்கும்போது போனைக் கையில் வைத்திருக்க விடமாட்டார்கள். நானே பதறிக்கொண்டிருக்க, முதலாளி அழைத்தார்.

"எங்கய்யா அது?"

"தெரியலயே முதலாளி."

பிறகுதான் ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்த அவள் அறைத்தோழி ஒருத்தி அழைத்துச் சொன்னாள். லைனில் ஆள் குறைந்ததால் இசக்கியை ஓ.டி.யில் நிறுத்திவிட்டார்கள். மாட்டேன் என்று சொன்னால் ட்ரெய்னி வேலையே போய்விடும். கடைசி இரண்டு அத்தியாயம் பாக்கி. டீ இடைவேளையிலும், திரும்பும் கம்பெனி பஸ்ஸிலும் படித்துவிடுவேன், புத்தகம்தான் இல்லை என்று அழுதாளாம்.

முதலாளியிடம் அப்படியே சொன்னேன். "அனுப்புய்யா" என்றார்.

"அட்டை இல்லையே முதலாளி."

"இல்லன்னா போடு. அட்டை இல்லாத புக்குதான போவக் கூடாது."

விதியைத் திருப்பிப் பிடிக்கும் வித்தை அவருக்கும் தொற்றிவிட்டது. ராக்கெட் அட்டை நிறையக் கிடந்தது. ஆனால் உள்ளே இல்லாததை வெளியே எழுதி ஒட்ட எனக்கு மனம் வரவில்லை. சுவரில் முடிந்துபோன மாதத்தின் காலண்டர் தாள் இருந்தது, முழுப் பக்கத்துக்குப் பெருமாள். அதை மடித்து அட்டை போட்டேன். கேமராவின் முன்னால் தூக்கிக் காட்டினேன். அதற்குப் பிறகுதான் வாசலைத் தாண்டினேன். முதலாளி சரி என்று சொன்ன பிறகும் ஏன் காட்டினேன் என்றால், விதியை வளைக்க வேண்டி வந்தால் வெளிச்சத்தில் வைத்து வளைக்க வேண்டும். ஒளித்துச் செய்தால் அது வேறு பெயர் வாங்கிவிடும். நான் உங்களுக்குச் சொல்ல நினைத்ததில் பாதி இதுதான்.

முனுசாமி பைக்கில் பின்னால் உட்கார்ந்து இருங்காட்டுக்கோட்டை போனேன். கம்பெனி வாசலில் செக்யூரிட்டி மறித்தார்.

"உள்ள எந்த மெட்டீரியலும் போவக் கூடாது. கேட் பாஸ் கீதா?"

எங்கள் வாசலில் வெளியே போகக் கூடாது, அவர்கள் வாசலில் உள்ளே போகக் கூடாது. இந்தப் புத்தகம் படிப்பதற்குத்தான் அச்சானதா என்று எனக்கே சந்தேகம் வந்தது. பேசாமல் கையில் இருந்ததை நீட்டினேன். அவர் அட்டையைப் பார்த்தார். என் நாமத்தைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். புத்தகத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "யாருக்கு சாமி?" என்று பணிவாகக் கேட்டார்.

"ட்ரெய்னி இசக்கியம்மாளுக்கு."

"டீ டைம்ல நானே குட்துடறேன்."

நான் பொய் சொல்லவில்லை. பெருமாளும் பொய் சொல்லவில்லை, முகத்தை மட்டும் காட்டினார். திரும்பி வரும்போது முனுசாமி பைக்கே ஆடும்படி சிரித்தார். "பொது நிதிக்கு ஒரு ஆளு கண்ணுல ஒத்திகினத இன்னிக்கித்தான் சாமி பாக்கறேன்."

முடிவு வர மாதக்கணக்கில் ஆயிற்று. அதற்குள் கம்பெனி பஸ்களில் பேச்சு பரவி, இன்னும் சில அரியர்க்காரர்கள் அடையாள அட்டையோடு வந்து, இறக்கிவைத்த அந்தக் கட்டைப் பிரித்துப் படித்துவிட்டுப் போனார்கள். இப்போது கிடங்கில் புதிய வழக்கம் ஒன்று இருக்கிறது. அதை உங்களுக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும், சொல்லாவிட்டால் நான் சொல்கிறேன். எந்தப் பழைய பதிப்பு லாரி ஏறினாலும் ஒரு கட்டை மட்டும் அட்டையோடு நிறுத்திவையுங்கள். பாடத்திட்டம் ஒரே நாளில் மாறும். பெயிலானவர்கள் மெதுவாகத்தான் வருவார்கள். ஷிஃப்ட் முடிந்துதானே வர முடியும்.

நான் ஓய்வு பெறவிருந்த கடைசி வாரத்தில் ஒரு நாள் இசக்கி வந்தாள். கையில் இனிப்புப் பெட்டி, கக்கத்தில் காலண்டர் பெருமாள் போட்ட அந்தப் புத்தகம். என்னைப் பார்த்துச் சிரித்தாள், ஆனால் என்னிடம் வரவில்லை. நேராகக் கேமராவின் கீழே போய் நின்றாள். மதிப்பெண் தாளை இரண்டு கையாலும் விரித்து மேலே தூக்கிப் பிடித்தாள். பாக்கிங் பெண்கள் வேலையை நிறுத்தினார்கள். முனுசாமிகூடத் தூக்கிய கட்டைக் கீழே வைத்தார்.

என் போன் அடித்தது.

"வரதா, எழுத்து தெரியல. கொஞ்சம் கிட்ட வரச் சொல்லு."

அவள் முன்பு உட்கார்ந்து படித்த கட்டுகளின் மேலேயே ஏறி நின்று, தாளைக் கேமராவின் முகத்துக்கு நேரே வைத்தாள்.

"நாப்பத்தி ரெண்டா?"

"ஆமா முதலாளி. நாப்பது எடுத்தா பாஸு."

"போதும்யா" என்றார். "நம்ம புக்குக்கு அதுவே ஜாஸ்தி."